முகவரி இல்லாத பிட்

கல்முனை பஸாரில் ஒரு புடவைக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுவரில் ஒரு சிலேட்டு, அதில் எட்டுக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு தினுசு மருதமுனைச் சாரன். கையிருப்பு இருந்தால் கட்டத்தில் கோடு, தீர்ந்தால் வெறுமை. கடையில் ஒரு விசித்திரமான சட்டமும் உண்டு. ஒரு கட்டத்தை மட்டும் தொட்டு மாற்றக் கூடாது. எட்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், வேண்டிய ஒன்றைத் திருத்தி, திரும்பி வந்து சிலேட்டை முழுவதும் அழித்து, எட்டையும் மறுபடி எழுத வேண்டும்.

இரண்டு விற்பனையாளர்கள் ஒரே நேரத்தில் தாளில் எழுதிக்கொண்டு போகிறார்கள். ஒருவர் திருத்துவது மூன்றாம் கட்டம், மற்றவர் திருத்துவது ஆறாம் கட்டம். ஒருவர் வேலையில் மற்றவர் கைவைக்கவே இல்லை. ஆனால் பிந்தி வந்து எழுதியவரின் தாளில் மூன்றாம் கட்டம் பழையபடியே கிடக்கிறது. முந்தியவர் போட்ட கோடு, அழித்தவருக்கே தெரியாமல், அழிந்துபோகிறது.

கணினியின் நினைவகம் இந்தச் சிலேட்டுத்தான். பைட்டுக்கு முகவரி உண்டு, பிட்டுக்குக் கிடையாது. ஒரு பிட்டை 1 ஆக்க வேண்டுமென்றால் அதைச் சுமக்கும் பைட்டை, பெரும்பாலும் 32 அல்லது 64 பிட் கொண்ட முழு வேர்டை, வாசித்து மாற்றித் திரும்ப எழுத வேண்டும். பல புரொசசர்கள் ஒரே நினைவகத்தைப் பகிரும் கணினியில் பணிசெயல் முறைமையின் மையமான கெர்னல் நொடிக்கு எத்தனையோ தடவை இதைச் செய்கிறது: இந்தப் பக்கம் பூட்டப்பட்டிருக்கிறது, இது அழுக்கானது (மாறியும் வட்டில் இன்னும் எழுதப்படாதது), இந்த வேலை காத்திருக்கிறது என்று ஆயிரமாயிரம் ஒற்றைப் பிட் கொடிகள். பக்கத்துப் பிட் அழியாமல் ஒரு பிட்டை மாற்றுவது யாருடைய பொறுப்பு? செய்நிரல் எழுதுபவருடையதா, வன்பொருளுடையதா, கொம்பைலருடையதா? அல்லது பிட்டுகளை ஒன்றாகக் கட்டிவைத்ததே பிழையா? 60 ஆண்டுகளாக இதற்கு விடைகள் வந்துகொண்டே இருக்கின்றன.

வாசிப்பும் எழுத்தும் மட்டும் போதுமா?

முதல் விடை கணிதக்காரர்களுடையது. டச்சுக் கணிதவியலாளர் டெக்கர், இரண்டு செயல்முறைகள் ஒன்றையொன்று முட்டாமல் ஒரு பகுதிக்குள் நுழையும் வழியை வெறும் வாசிப்பு, வெறும் எழுத்து ஆகிய இரண்டை மட்டும் கொண்டே காட்டினார். 1965இல் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா அதை எத்தனை செயல்முறைகளுக்கும் பொருந்துமாறு விரித்தார். 1974இல் லெஸ்லி லம்போர்ட்டின் பேக்கரி முறை வந்தது. டொக்டரிடம் சனல் பண்ணப் போனால் நம்பர் எடுத்துக்கொண்டு குந்தியிருப்போமே, அதே ஒழுங்கு. 1981இல் பீற்றர்சன் இரண்டு பேருக்கான தீர்வைச் சில வரிகளுக்குள் அடக்கினார். இன்றைக்கும் பல்கலைக்கழகப் பாடங்களில் அதுதான் முதல் உதாரணம்.

இந்த முகாமின் அழகு அதன் சிக்கனம். வன்பொருளிடம் எந்தச் சலுகையும் கேட்பதில்லை. பலவீனமோ அதன் அடித்தளத்திலேயே இருக்கிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் எழுதிய அதே வரிசையில் காண்பார் என்று இந்தத் தீர்வுகள் நம்புகின்றன. இன்றைய புரொசசர் எழுத்தை உடனே நினைவகத்துக்கு அனுப்புவதில்லை, ஒரு தற்காலிகக் கிடங்கில் வைத்துவிட்டு அடுத்த வாசிப்புக்குப் போய்விடுகிறது. இன்டெல் புரொசசர்களில் பீற்றர்சன் முறையை அப்படியே எழுதினால் இருவருமே உள்ளே நுழைந்துவிடலாம். இடையில் ஒரு தடுப்புக் கட்டளை வைத்தால்தான் அது நிற்கும். அந்தக் கட்டளை வன்பொருளின் உதவிதானே.

ஒரே புரொசசர் இருந்த காலம்

கெர்னல் எழுதியவர்கள் கணிதத்தை நம்பிக் காத்திருக்கவில்லை. யுனிக்ஸ் வளர்ந்த பிடிபி-11 கணினியில் பிட்டை ஏற்றவும் இறக்கவும் தனித்தனிக் கட்டளைகள் இருந்தன. புரொசசர் ஒன்றுதான் என்பதால் ஒரு கட்டளையின் நடுவில் இன்னொருவர் புக வழியில்லை. பல கட்டளைகள் சேர்ந்த வேலை என்றால் குறுக்கீடுகளைச் சற்று நேரம் நிறுத்திவைத்தால் போதும்.

இந்தப் பழைய விடை இன்னும் முற்றாகச் சாகவில்லை. இன்டெல் கணினிகளில் பிளவுபடாச் செயலுக்கு, அதாவது அட்டொமிக் செயலுக்கு, கட்டளையின் முன்னால் 'லொக்' என்ற முன்னொட்டு சேர்க்கப்படும். இயந்திரத்தில் ஒரே புரொசசர்தான் என்று தெரிந்தால் லினக்ஸ் கெர்னல் தன் கட்டளைகளிலிருந்து அந்த முன்னொட்டைத் தானே கழற்றிவிடும். பல புரொசசர்களை லினக்ஸ் ஏற்றது 1996இன் 2.0 பதிப்பில். அப்போது முழுக் கெர்னலுக்கும் ஒரே பெரிய பூட்டு. அந்தப் பூட்டின் கடைசி எச்சம் நீங்க 2011 வரை ஆனது.

வன்பொருளின் மூன்று பள்ளிகள்

ஐபிஎம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில் 'டெஸ்ட் அண்ட் செட்' என்றொரு கட்டளை இருந்தது. ஒரு பைட்டை எடுத்துப் பார்த்து, அதன் இடப்பக்க ஓரப் பிட் என்னவென்று சொல்லிவிட்டு, முழுப் பைட்டையும் 1களால் நிரப்பிவிடும், நடுவில் யாரும் புக முடியாது. கவனிக்க வேண்டியது, ஒரு பிட்டுக்காக எட்டுப் பிட்டையும் செலவழிக்கும் கட்டளை இது. பக்கத்து வீட்டுப் பிரச்சினை எழாதபடி பக்கத்து வீட்டையே வாங்கிவிடுவது போல.

இரண்டாவது பள்ளி 'கொம்பேர் அண்ட் ஸ்வொப்'. ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் மையத்தில் சார்லி சாலிஸ்பரி இதை உருவாக்கினார். ஆங்கிலத்தில் கட்டளையின் பெயர்ச் சுருக்கமும் அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் ஒன்றாக அமைந்தது தற்செயலல்ல என்பது அங்கே வேலை பார்த்தவர்களின் சாட்சி. நான் பார்த்தபோது இருந்த மதிப்பே இப்போதும் இருந்தால் மட்டும் புதியதை எழுது, மாறியிருந்தால் எழுதாதே. இதுதான் அதன் சாரம். 1991இல் மொரிஸ் ஹெர்லிஹி இந்தக் கட்டளைகளுக்கு ஒரு படிவரிசை அமைத்தார். வெறும் வாசிப்பு-எழுத்தால் இரண்டு பேரைக்கூட காத்திருப்பில்லாமல் ஒரு முடிவுக்குக் கொண்டுவர முடியாது, 'டெஸ்ட் அண்ட் செட்' இரண்டு பேருக்குப் போதும், 'கொம்பேர் அண்ட் ஸ்வொப்' எத்தனை பேருக்கும் போதும் என்று நிறுவினார். இந்தத் துறையில் ஐயமறத் தீர்ந்த விடயம் ஏதாவது உண்டென்றால் இதுதான்.

மூன்றாவது பள்ளி 1987இல் லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தின் எஸ்-1 திட்டத்திலிருந்து வந்தது. வாசிக்கும்போதே ஒரு முன்பதிவு, எழுதும்போது அந்த முன்பதிவு கலையாமல் இருந்தால்தான் எழுத்து செல்லும். மிப்ஸ், பவர்பிசி, ஏஆர்எம் எல்லாம் இந்த வழியில் போயின.

ஹெர்லிஹியின் படிவரிசை ஒன்றால் எது முடியும் என்று சொல்கிறது. எவ்வளவு மலிவாக முடியும் என்று சொல்வதில்லை. கெர்னல்காரருக்கு உறைப்பது இரண்டாவதுதான். ஒற்றைப் பிட்டை மாற்ற இரண்டாம், மூன்றாம் பள்ளிகளைப் பயன்படுத்தினால் பக்கத்துப் பிட்டை இன்னொருவர் மாற்றும்போதெல்லாம் நம் முயற்சி தோற்கும், மறுபடி தொடங்க வேண்டும். மூன்றாம் கட்டத்தைத் திருத்துபவர் ஆறாம் கட்டக்காரருக்காக வரிசையில் நிற்கிறார். இன்னும் மோசமான நிலை ஹெச்பியின் பிஏ-ரிஸ்க் புரொசசருக்கு. அதில் இருந்தது எளிய ஒரு பூட்டுக் கட்டளை மட்டும். ஆகவே அங்கே லினக்ஸ் ஒரு பூட்டு அட்டவணை வைத்து, முகவரியைக் கொண்டு ஒரு பூட்டைத் தேர்ந்தெடுத்து, அதைப் பூட்டிவிட்டுத்தான் ஒரு பிட்டைத் தொடுகிறது.

சென்னையில் ஒரு சில்லு

நேராகப் பிட்டையே குறிவைக்கும் விடை ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியில் இருக்கிறது. தமிழ் நிலத்தில் அதன் முன்னணிப் பயன்பாடு ஐஐடி மெட்ராஸின் சக்தி திட்டம். காமகோடி தலைமையில் அங்கு உருவான புரொசசர்களில் ஒன்று 2018இல் அமெரிக்காவின் ஓரிகனிலுள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் அளவில் வார்க்கப்பட்டது. அதே ஆண்டு சண்டிகாரிலுள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டரில் இன்னொன்று. முதலாவது லினக்ஸை இயக்கியது.

ரிஸ்க்-ஃபைவின் அட்டொமிக் நீட்சியில் முன்பதிவு வழியும் உண்டு. அதனுடன் நினைவகத்தில் இருக்கும் வேர்டை ஒரே மூச்சில் 'அல்லது' செய்யும் கட்டளை, 'மற்றும்' செய்யும் கட்டளை, புரட்டும் கட்டளை ஆகியனவும் உண்டு. லினக்ஸில் பிட்டை ஏற்றும் 'செட் பிட்', இறக்கும் 'கிளியர் பிட்', புரட்டும் 'சேஞ்ச் பிட்' மூன்றும் இந்த மூன்று கட்டளைகளில் ஒவ்வொன்றாக வந்து பொருந்துகின்றன. தோல்வி என்ற பேச்சே இல்லை. பக்கத்துப் பிட்டை யார் மாற்றினாலும் நம் மாற்றம் விழும். 1980களில் நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் அல்ட்ரா கணினித் திட்டம் முன்வைத்த 'எடுத்துக்கொண்டே மாற்று' என்ற எண்ணத்தின் தொடர்ச்சி இது. ஏஆர்எம் நிறுவனமும் பின்னர் தன் 8.1 வடிவமைப்பில் இதே பக்கம் திரும்பியது.

சக்தியில் இன்னொரு சுவையான விடயமும் உண்டு. அதை வடிவமைக்கப் பயன்பட்ட மொழி புளூஸ்பெக். எம்ஐடி பேராசிரியர் அர்விந்தின் ஆய்வில் வேரூன்றிய மொழி அது. அதில் வன்பொருளே விதிகளாக எழுதப்படுகிறது, ஒவ்வொரு விதியும் இடைமுறியாத ஒரே செயலாக நடப்பதாகத்தான் பொருள். கெர்னலில் ஒரு பிட்டுக்காகக் கெஞ்சிக் கேட்கும் பிளவுபடாமை, சில்லை வரையும் மொழியில் இலக்கணமாகவே இருக்கிறது.

பிட் சரி, வரிசை?

பிட் அழியாமல் மாறினால் கதை முடிந்தது என்று எண்ணினால், கடந்த 20 ஆண்டு விவாதத்தின் பெரும்பகுதி விளங்காது. ஒரு கொடியை ஏற்றுவது பெரும்பாலும் 'தரவு தயார்' என்று இன்னொருவருக்குச் சொல்வதற்கு. கொடி முதலில் தெரிந்து தரவு பிறகு தெரிந்தால், கொடி சரியாக மாறியும் பயனில்லை.

லினக்ஸின் ஏற்பாடு இது: பழைய மதிப்பைத் திருப்பித் தராத 'செட் பிட்' எந்த வரிசைக்கும் உறுதி தராது. பழைய மதிப்பைத் தரும் 'டெஸ்ட் அண்ட் செட் பிட்' முன்னும் பின்னும் முழு வரிசையைக் காக்கும். ரிஸ்க்-ஃபைவில் ஒவ்வொரு அட்டொமிக் கட்டளைக்குள்ளும் இதற்கென்றே இரண்டு பிட்டுகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. முதல் வகைக்கு இரண்டும் 0, இரண்டாவதற்கு இரண்டும் 1. கேட்க நேர்த்தியாகத்தான் இருக்கிறது.

2022 ஓகஸ்டில் இந்த நேர்த்தி குலைந்தது. அப்பிள் எம்1 கணினிகளில் லினக்ஸை ஓடவைக்க உழைத்துக்கொண்டிருந்த ஹெக்டர் மார்ட்டின், சில சூழல்களில் டெர்மினலுக்கு வர வேண்டிய தரவு வராமல் போவதைத் துரத்திப் பிடித்தார். தடம் கெர்னலின் வேலை வரிசையில் போய் நின்றது. வேலை ஒன்றை வரிசையில் இடுபவர் முதலில் தரவை வைப்பார், பிறகு 'காத்திருக்கிறது' என்ற பிட்டை ஏற்றப் பார்ப்பார். பிட் ஏற்கெனவே ஏறியிருந்தால், வேலையாள் எப்படியும் வருவார், வரும்போது புதிய தரவையும் காண்பார் என்று திரும்பிவிடுவார்.

கடை வாசலில் பொதியை வைத்துவிட்டு, அழைப்பு விளக்கைப் போடப் போகிறவரை எண்ணிக்கொள்ளலாம். விளக்கு ஏற்கெனவே எரிகிறது. சரி, வருவார்கள் என்று போய்விடுகிறார். உள்ளிருந்து வந்தவர் விளக்கை அணைக்கிறார், வாசலைப் பார்க்கிறார், பொதி இல்லை. ஏனென்றால் பொதி வைத்தவரின் கணக்கில் மட்டும்தான் பொதி முதலில் வந்தது.

2018இல் இந்தச் செயல்களின் பொதுவடிவம் திருத்தி எழுதப்பட்டபோது ஒரு குறுக்குவழி நுழைந்திருந்தது: பிட் ஏற்கெனவே 1 என்றால் அட்டொமிக் கட்டளைக்கே போகாமல் திரும்பிவிடு. 64 பிட் ஏஆர்எம் கணினிகள் பயன்படுத்தியது அந்தப் பொதுவடிவத்தை. கட்டளை இல்லையென்றால் அதனுடன் வரும் வரிசை உறுதியும் இல்லை. இன்டெல்லில் கட்டளை எப்போதும் ஓடுவதால் அங்கே பிழை தலைகாட்டவே இல்லை. விநோதம் என்னவென்றால் இரண்டு தரப்பும் கெர்னலின் சொந்த ஆவணங்களைக் காட்டியே வாதாடியிருக்கலாம். ஒரு கோப்பு 'எப்போதும் வரிசை உண்டு' என்றது, இன்னொன்று 'தோற்றால் வரிசை இல்லை' என்றது. திருத்தம் குறுக்குவழியையும் நீக்கியது, ஆவணத்தையும் மாற்றியது.

இதிலிருந்து வன்பொருள் உறுதி மட்டும் போதாது என்ற முடிவுக்கு வருவதில் தவறில்லை. எது உறுதி என்பதை மனிதர்கள் ஒரே மாதிரி வாசிக்கவும் வேண்டும்.

கொம்பைலர் செய்த வேலை

சி மொழியில் ஒற்றைப் பிட் மாறிகளை நேரடியாக அறிவிக்கலாம். பார்க்க வசதி. ஆனால் அவற்றை மாற்ற என்ன கட்டளை எழுதுவது என்பது கொம்பைலரின் விருப்பம்.

2012இல் பட்டர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒரு பூட்டு காரணமில்லாமல் பழுதாவதை ஜான் காரா முன்வைத்தார். ஐஏ-64 புரொசசரில் அந்தப் பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிட் மாறி இருந்தது. அந்தப் பிட்டை மாற்ற ஜிசிசி கொம்பைலர் 64 பிட்டையும் வாசித்து 64 பிட்டையும் எழுதியது. இடைப்பட்ட நேரத்தில் இன்னொரு புரொசசர் பூட்டை மாற்றியிருந்தால் அது பழைய நிலைக்கே திரும்பிவிடும். சிலேட்டுக் கதை, ஆனால் இங்கே தாளில் எழுதியவர் கொம்பைலர்.

2011 டிசம்பரில் வெளியான சி11 தரநிலை இத்தகைய எழுத்தைத் தடுக்கிறது: ஓர் இடத்தை மாற்றும்போது வேறோர் இடத்தில் எழுதக் கூடாது. அதே தரநிலை, அடுத்தடுத்து வரும் பிட் மாறிகளை ஒரே இடமாகத்தான் கணக்கிடுகிறது. பூட்டுக்குப் பாதுகாப்பு கிடைத்தது, பிட்டுக்குப் பக்கத்துப் பிட்டிடமிருந்து கிடைக்கவில்லை. மொழி கைவிட்ட அந்த இடத்தில்தான் கெர்னலின் பிட் செயல்கள் இன்னும் தேவைப்படுகின்றன.

கட்டுவதா, பரப்புவதா?

இந்த விவாதங்களையெல்லாம் ஒரே அடியில் முடிக்க ஒரு யோசனை உண்டு: பிட்டுகளைக் கட்டாதே, ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் கொடு. கேட்க நியாயம். ஆனால் பைட்டுக்கும் சுதந்திரம் எப்போதும் கிடைத்ததில்லை. டிஇசியின் முதல் அல்ஃபா புரொசசர்களில் ஒரு பைட்டை மட்டும் எழுதும் கட்டளையே கிடையாது. அந்தத் தலைமுறை அல்ஃபாக்களுக்கான ஆதரவை லினக்ஸ் கைவிட்டது 2024இல்தான்.

இடமும் பொருட்டு. லினக்ஸ் நினைவகத்தை 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விவரக் குறிப்பு வைக்கிறது. 64 பிட் கணினியில் அது 64 பைட். 8 கிகாபைட் நினைவகத்தில் 20,97,152 பக்கங்கள், குறிப்புகளுக்கே 128 மெகாபைட். பூட்டு, அழுக்கு, புதுமை, எழுதப்படுகிறது என்ற கொடிகளெல்லாம் அதில் ஒரே வேர்டில் நெருக்கிக் கிடக்கின்றன. 20 கொடிகளைப் பைட்டுகளாக்கினால் அவை மட்டும் 40 மெகாபைட்டை விழுங்கும்.

நெருக்கத்தில் இலாபமும் இருக்கிறது. 2016 டிசம்பரில், நிக் பிக்கின் கொண்டுவந்த 'காத்திருப்போர் உண்டு' என்ற கொடியை லினஸ் டோர்வால்ட்ஸ் பக்கக் கொடிகளின் ஏழாம் இடத்துக்கு (0இலிருந்து எண்ணினால்) நகர்த்தினார். கீழ்ப் பைட்டின் உச்சிப் பிட் அது. அந்தப் பைட் எதிர்மறை எண்ணா என்பதை உச்சிப் பிட்தான் சொல்லும். ஆக, பூட்டை இறக்கும் ஒரே கட்டளை, யாராவது காத்திருக்கிறார்களா என்பதையும் குறியாகச் சொல்லிவிடுகிறது. இரண்டு பிட்டும் வெவ்வேறு பைட்டில் இருந்திருந்தால் இந்தக் கைவரிசை நடந்திருக்காது.

அதே கெர்னலில் நேர் எதிர் முடிவும் எடுக்கப்பட்டது. வட்டுக் கோரிக்கைகளுக்கு எண் ஒதுக்கும் பிட் வரைபடம் அதற்கு உதாரணம், அதை ஓமார் சாண்டோவால் 2016இல் தனி நூலகமாகப் பிரித்தெடுத்தார். பல புரொசசர்கள் ஒரே கேஷ் லைனை, அதாவது புரொசசர் நினைவகத்திலிருந்து தன்னிடம் எடுத்துவைக்கும் ஒரு துண்டை, இழுபறி செய்வதுதான் அங்கே தாமதம். ஆகவே பிட்டுகள் வேண்டுமென்றே பல கேஷ் லைன்களில் பரப்பிவிடப்பட்டன.

கேஷ் லைனின் எல்லையை ஓர் அட்டொமிக் செயல் தாண்டிவிட்டால் செலவு இன்னும் ஏறும். இன்டெல் கணினியில் நினைவகத்துக்குப் போகும் முழுப் பாதையும் பூட்டப்படும். சாதாரண அட்டொமிக் செயலைவிட ஆயிரம் சுற்றுகளுக்கு மேல் தாமதம் என்கிறது கெர்னல் ஆவணம். 32 பிட் வரிசையை 64 பிட் வேர்டாகப் பாவித்துப் பிட் ஏற்றிய இடங்கள் கெர்னலுக்குள்ளேயே இருந்தன, அவற்றைத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. 5.19 பதிப்பில் இப்படி எல்லை தாண்டும் செய்நிரல்களை வேண்டுமென்றே மெதுவாக்கியபோது 'கோட் ஒஃப் வோர்' கணினி விளையாட்டு ஆமை வேகத்தில் ஓடியது. விளையாடியவர்கள் சும்மா இருப்பார்களா? பிறகு அதை அணைக்க ஒரு விசை சேர்க்கப்பட்டது.

மூன்றாவது வழி, பகிர்வதையே குறைப்பது. ஒவ்வொரு புரொசசருக்கும் தனிப் பிரதி வைக்கலாம். அல்லது 2002இல் 2.5.43 பதிப்பில் சேர்ந்த ஆர்சியு முறையில், வாசிப்பவர் எதையும் எழுதாமலே வாசிக்கலாம். ஐபிஎம்மின் போல் மெக்கென்னியுடன் அதற்கு உழைத்தவர்களில் பெங்களூரிலிருந்த தீபங்கர் சர்மாவும் ஒருவர். வாசிப்பு மிகுந்த இடங்களில் இது வெல்கிறது. எல்லோரும் எழுத வேண்டிய பூட்டுப் பிட்டுக்கு இது விடையாகாது.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

எந்தக் கட்டளையால் எது முடியும் என்பதற்கு ஹெர்லிஹி விடை சொல்லிவிட்டார். ஒற்றைப் பிட்டை மாற்றத் தோல்வியே காணாத ஒரே கட்டளை போதும் என்ற கருத்தும் வலுத்திருக்கிறது. ரிஸ்க்-ஃபைவ், புதிய ஏஆர்எம் இரண்டும் அதற்குச் சான்று. பக்கங்களுக்குக் கட்டியும் வட்டுகளுக்குப் பரப்பியும் வைத்த லினக்ஸின் இரட்டை முடிவைப் பார்த்தால், கட்டுவதா பரப்புவதா என்ற கேள்விக்குப் பொதுவிடை ஒன்று கிடைக்கும் என்று தோன்றவில்லை.

திறந்திருப்பது மொழிக்கும் கெர்னலுக்கும் இடைப்பட்ட வெளி. லினக்ஸ் தன் நினைவக விதிகளை 2018இல் முறைப்படி எழுதிக் கெர்னலுடனேயே வைத்தது. அவை சி11இன் விதிகளுடன் முழுவதும் ஒத்துப்போவதில்லை. 2022 டிசம்பரில் 6.1 பதிப்புடன் ரஸ்ட் மொழியும் கெர்னலுக்குள் வந்தது. அதன் அட்டொமிக் வகைகள் சி மொழிக் குடும்பத்தின் விதிகளையே தழுவியவை. ஒரே பிட்டை ஒரு பக்கம் சி நிரலும் மறுபக்கம் ரஸ்ட் நிரலும் தொடும்போது எந்த விதி செல்லும் என்பது எழுதியும் திருத்தியும் முடிவாக வேண்டிய ஒன்று.

ஒலுவிலிலோ சம்மாந்துறையிலோ தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் ஒருவர் இதற்குள் நுழைய விரும்பினால், பிட் செயல்களைப் பற்றிய கெர்னல் ஆவணத்தில் தொடங்கலாம். சின்னக் கோப்புத்தான், ஒரு தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் வாசித்துவிடலாம். பக்கத்தில் 2022இன் திருத்தத்தையும் வைத்துக்கொள்வது நல்லது. 'டெஸ்ட் அண்ட் செட் பிட்' இன்று தோற்றாலும் வரிசையைக் காக்கும். பூட்டுக்கென்றே எழுதப்பட்ட 'டெஸ்ட் அண்ட் செட் பிட் லொக்' தோற்றால் இன்றும் எந்த உறுதியும் தராது.